பீட்டா-லாக்டமேஸ் இருக்கிறதென்று ரிப்போர்ட் வந்தால் எந்த மருந்தை எடுப்பது?

ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமியைப் பரப்பிய தட்டில் பென்சிலின் வில்லை ஒன்றை வைத்து, மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டம் இருக்கும். வட்டத்தின் அளவை அப்புறம்தான் அளப்பேன், முதலில் ஓரத்தைப் பார்ப்பேன். சில தட்டுகளில் ஓரம் கடற்கரை மணல் தண்ணீருக்குள் இறங்குவது மாதிரி மெல்ல மெல்லக் கரைந்து போகும். சிலவற்றில் கத்தியால் வெட்டியது மாதிரி சட்டென்று நிற்கும், ஓரத்திலேயே கிருமிகள் தடித்து மேடு கட்டியிருக்கும். கரைந்து போனால் அந்தக் கிருமிக்குப் பென்சிலினே போதும். வெட்டி நின்றால், வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தக் கிருமி பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கிறது என்று அர்த்தம்.

அந்த நொதிதான் பீட்டா-லாக்டமேஸ். ஒன்று என்று சொல்வதும் தப்பு, ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் வந்த பிறகு எந்த மருந்தை எடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு. மருந்து எழுதுவது டாக்டரின் வேலை, இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஆனால் புதிதாக வார்டுக்கு வந்த டாக்டர்களும், மருந்தாளுநர்களும், கையில் கல்ச்சர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு விழிக்கும் நோயாளியின் வீட்டாரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இருப்பதிலேயே பலமான மருந்து எது?" அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. எந்த நொதி, உடம்பில் எந்த இடம் என்ற இரண்டையும் கேட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

நொதி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் பின்னால் வரும் எதுவும் ஒட்டாது. பென்சிலினின் நடுவே நான்கு அணுக்களால் ஆன ஒரு சின்ன வளையம் இருக்கிறது, அதற்குப் பெயர் பீட்டா-லாக்டம். வலுவாக வளைத்துப் பிடித்த மூங்கில் மாதிரி அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும், வழி கிடைத்தால் திறந்துகொள்ளும். கிருமி தன் செல் சுவரின் இழைகளைக் குறுக்கே பின்னிக் கட்டுவதற்குச் சில புரதங்களை வைத்திருக்கிறது. அவை வந்து பிடிக்க வேண்டிய இடம் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்த ஒரு முனை. பென்சிலின் பார்ப்பதற்கு அந்த முனை மாதிரியே இருப்பதால் புரதம் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்கிறது என்று டிப்பரும் ஸ்ட்ராமிங்கரும் 1965இல் எழுதினார்கள். பிடித்ததும் வளையம் திறந்து, மருந்து அந்தப் புரதத்தின் செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிவிடும், அப்புறம் லேசில் விடாது. சுவர் பின்னப்படாமல் கிருமி வெடித்துச் சாகிறது.

பீட்டா-லாக்டமேசில் பெரும்பாலானவை இதே மாதிரி ஒரு செரினை வைத்துத்தான் பென்சிலினைப் பிடிக்கின்றன. ஒரே வித்தியாசம், பக்கத்திலேயே ஒரு நீர் மூலக்கூறைத் தயாராக வைத்திருந்து, ஒட்டிய மருந்தை அதை வைத்து அறுத்து விடுகின்றன. உடைந்த பென்சிலின் வெளியே போகும், நொதி பழையபடி அடுத்ததற்குத் தயார். டெம்-1 என்ற சாதாரண நொதி ஒன்றே வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பென்சிலின் மூலக்கூறுகளை உடைக்கும்.

இது மருந்து வந்தபின் முளைத்த தந்திரமும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாமும் செயினும் பென்சிலினை அழிக்கும் நொதி ஒன்று கிருமியில் இருக்கிறது என்று 1940 டிசம்பரில் அறிவித்தார்கள். அதே ஊரில் முதல் நோயாளிக்குப் பென்சிலின் ஊசி போட்டுச் சிகிச்சை தொடங்கியது 1941 பிப்ரவரியில். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் பீட்டா-லாக்டமேஸ் மரபணுக்கள் இருந்ததை 2011இல் காட்டினார்கள்.

இன்னொரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். மரபணு ஆய்வகங்களில் ஆம்பிசிலின் கலந்த தட்டில் கிருமியை வளர்ப்பார்கள், எதிர்ப்பு மரபணு உள்ளது மட்டும் வளர வேண்டும். தட்டை ஒருநாள் கூடுதலாக விட்டுவிட்டால், பெரிய வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி ஊசிமுனை அளவில் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றும். அந்தச் சின்னப் புள்ளிகளிடம் எதிர்ப்பு மரபணுவே கிடையாது. நடுவில் இருப்பது கசியவிட்ட நொதி அக்கம்பக்கத்து ஆம்பிசிலினையெல்லாம் தின்றுவிட்டதால் அவையும் பிழைத்துக்கொள்கின்றன. கிருமி கூட்டமாக இருக்கும் இடத்தில், அதாவது சீழ்க் கட்டியில், நுரையீரல் சளியில், ஒரு மருந்து சோதனைத் தட்டில் காட்டிய அளவுக்கு வேலை செய்யாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான். கிருமி கூடக்கூட நொதியும் கூடுகிறது.

சரி, முதல் தேர்வு மருந்தைப் பற்றியதே இல்லை. எதிர்ப்புக்குக் காரணம் நொதியா, வேறு ஏதாவதா? தொண்டைப் புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் பீட்டா-லாக்டமேஸ் சுரப்பதே இல்லை, பென்சிலினுக்கு இன்றைக்கும் பணிகிறது. அதற்குப் போய் அமாக்சிசிலினோடு, நொதியை அடைக்கும் கிளாவுலனேட்டையும் சேர்த்துக் கொடுத்தால் நோயாளிக்குக் கூடுதலாகக் கிடைப்பது வயிற்றுப்போக்கு மட்டும்தான். நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் பென்சிலினை எதிர்க்கும், ஆனால் நொதியால் அல்ல, மருந்து போய் ஒட்டும் புரதத்தையே மாற்றிக்கொண்டு. அங்கே அமாக்சிசிலின் அளவைக் கூட்டுவது பயன் தரும், கிளாவுலனேட் சேர்ப்பது தராது. எம்ஆர்எஸ்ஏ எனப்படும், மெதிசிலினுக்குப் பணியாத ஸ்டாஃபைலோகாக்கசும் அதே கதைதான்: மெக்-ஏ மரபணு கொடுக்கும் வேறொரு புரதம் சுவர் கட்டும் வேலையை எடுத்துக்கொள்கிறது, நொதியை அடைத்து அங்கே ஆகப்போவது ஒன்றும் இல்லை. "அமாக்சிசிலின் கேட்கவில்லை, அதனால் கிளாவுலனேட் சேர்ந்ததைப் போடுவோம்" என்று யோசிக்கும்போது எத்தனை பேர் இதை நினைத்துப் பார்க்கிறார்கள்? கிளாவுலனேட் சேர்ந்தது பலம் கூடிய அமாக்சிசிலின் அல்ல. நொதி இருந்தால் மட்டும் பயன்படும் துணை அது.

நொதி உண்டு என்று உறுதியானால் நமக்கு இருக்கும் வழிகள் மூன்று, நான்கு. மருந்தின் உருவத்தை மாற்றி நொதிக்குப் பிடி கிடைக்காமல் செய்யலாம், நொதிக்கு ஒரு பொறி வைக்கலாம், நொதியால் எளிதில் உடைக்க முடியாத கார்பபெனெம் வகைக்கு (மெரோபெனெம், எர்டாபெனெம் போன்றவை) போகலாம், அல்லது பீட்டா-லாக்டம் குடும்பத்தையே விட்டு வெளியே வரலாம்.

உருவத்தை மாற்றுவது ஸ்டாஃபைலோகாக்கசுக்கு இன்றும் முதல் வழி. பென்சிலினின் பக்கவாட்டில் ஒரு பருமனான பகுதியை ஒட்டியதும் ஸ்டாஃபின் நொதிக்குள் அது நுழைய முடியாமல் போகிறது. க்ளாக்சாசிலின், ஃப்ளூக்ளாக்சாசிலின், ஆக்சாசிலின் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். இவற்றையும், செஃபலோஸ்போரின் என்ற உறவுக் குடும்பத்துச் செஃபசோலினையும் பக்கத்தில் வைத்தால், செஃபசோலின் சிறுநீரகத்துக்கு மென்மையானது, ஒரு நாளைக்குப் போட வேண்டிய ஊசியும் குறைவு. ஆனால் சில ஸ்டாஃப்களின் நொதி செஃபசோலினைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும், கிருமி மொய்த்துக் கிடக்கும் இதய வால்வு போன்ற இடத்தில் அது யோசிக்க வேண்டிய விஷயம். மூளைக்குள் தொற்று என்றால் செஃபசோலினை நம்பக் கூடாது, அங்கே போதிய அளவு போய்ச் சேராது. மற்ற பெரும்பாலான இடங்களில் எனக்குச் செஃபசோலின் பக்கமே மனம் சாய்கிறது. வேன்கோமைசின் இந்த இரண்டையும்விட "பெரிய" மருந்து என்று நினைத்து மாற்றுவதுதான் உண்மையான தப்பு. மெதிசிலினுக்குப் பணியும் ஸ்டாஃபை அது மெதுவாகத்தான் கொல்லும்.

இரண்டாவது வழி, பொறி. ஸ்ட்ரெப்டோமைசஸ் கிளாவுலிஜெரஸ் என்ற மண் கிருமியிலிருந்து பீச்சம் நிறுவனத்தார் 1970களில் பிரித்தெடுத்த கிளாவுலானிக் அமிலத்துக்கும் அதே நான்கு மூலை வளையம் உண்டு. கிருமியைக் கொல்லும் சக்தி அதற்குச் சொல்லும்படியாக இல்லை. நொதி அதை உணவென்று பிடிக்கும், வளையத்தைத் திறக்கும், திறந்ததும் அது உருமாறி நொதியின் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். நொதியும் போச்சு, அதுவும் போச்சு. அந்த இடைவெளியில் கூட வந்த அமாக்சிசிலின் தன் வேலையைப் பார்க்கும். 1981இல் இரண்டும் சேர்ந்த மாத்திரை சந்தைக்கு வந்தது. சல்பாக்டமும் டாசோபாக்டமும் அதே தந்திரத்தின் அடுத்த பிள்ளைகள்.

நாய், பூனை கடித்த புண், ஹீமோஃபிலஸ் அல்லது மொராக்செல்லா கிருமியால் வரும் சைனஸ், காதுத் தொற்று, காற்றில்லா இடத்தில் வாழும் கிருமிகள் கலந்த பல், வயிற்றுத் தொற்று எல்லாவற்றிலும் இது நல்ல தேர்வு. இரண்டு குறைகளை மட்டும் மனதில் வையுங்கள். வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் கிளாவுலனேட் பாகம். 500 மி.கி. மாத்திரையிலும் 875 மி.கி. மாத்திரையிலும் கிளாவுலனேட் பெரும்பாலும் ஒரே 125 மி.கி.தான், ஆகவே பெரிய மாத்திரை இல்லையென்று சின்னதில் இரண்டைப் போட்டால் கிளாவுலனேட் இரட்டிப்பாகிவிடும். இன்னொன்று கல்லீரல். மருந்தால் வரும் மஞ்சள் காமாலையில் அடிக்கடி அடிபடும் பெயர் இதுதான், மாத்திரையை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துக்கூட வரலாம், எனவே அரிப்பும் மஞ்சளும் வந்தால் போன மாதம் சாப்பிட்டதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி எல்லாரும் தடுமாறும் இடம்: இஎஸ்பிஎல், அதாவது வீச்சு விரிந்த பீட்டா-லாக்டமேஸ். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், அதாவது செஃபோடாக்சிம், செஃப்ட்ரியாக்சோன் முதலியவை, பழைய நொதிகளுக்குப் பிடி கொடுக்காத உருவத்தோடு வந்தன. 1983இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த கிருமிகள் அதையும் உடைத்தன. பழைய எஸ்எச்வி நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம், 238ஆம் இடத்துக் கிளைசின், செரினாக மாறியிருந்தது. அவ்வளவுதான், வாய் அகன்றுவிட்டது. அப்புறம் க்ளுவேரா என்ற கிருமியின் குரோமோசோமிலிருந்து கிளம்பிய சிடிஎக்ஸ்-எம் குடும்பம் உலகம் முழுக்கப் பரவி, இன்று ஈ.கோலை என்ற குடல் கிருமியில் இஎஸ்பிஎல் என்றால் அநேகமாக அதுதான்.

தட்டில் இதைப் பார்க்க அழகாக இருக்கும். செஃபோடாக்சிம் வில்லைக்கும் கிளாவுலனேட் வில்லைக்கும் நடுவே, செஃபோடாக்சிமின் வட்டம் ஒரு பக்கமாக இழுபட்டுச் சாவித்துவாரம் மாதிரி நீண்டிருக்கும். கிளாவுலனேட் அங்கே நொதியை அடைத்துவிட்டது என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. இதைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, அப்படியானால் கிளாவுலனேட்டோ டாசோபாக்டமோ சேர்ந்த மருந்தே போதுமே, கார்பபெனெம் எதற்கு என்பது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரத்தத்தில் வளர்ந்த ஒரு இஎஸ்பிஎல் ஈ.கோலை, பிபராசிலின்-டாசோபாக்டத்துக்குப் பணியும் என்று எழுதி அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன், தொலைபேசியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நோயாளி பிழைத்தார், ஆனால் மூன்று நாள் கழித்து மருந்தை மாற்ற வேண்டி வந்தது என்று பின்னால் கேள்விப்பட்டபோது மனது அடித்துக்கொண்டது.

2018இல் மெரினோ ஆய்வு வந்தது. செஃப்ட்ரியாக்சோனுக்குப் பணியாத ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா ரத்தத்தில் ஏறியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெரோபெனெம், மறுபாதிக்குப் பிபராசிலின்-டாசோபாக்டம். இரண்டுக்கும் பணியும் கிருமிகள்தான். 30 நாளில் இறந்தவர்கள் மெரோபெனெம் பக்கம் 191 பேரில் 7, மறுபக்கம் 187 பேரில் 23. சதவீதத்தில் 3.7க்கு 12.3. பிற்பாடு கிருமிகளை இன்னும் துல்லியமான முறையில் மறுபடி சோதித்தபோது, பணியும் என்று சொன்ன சில உண்மையில் பணியாதவை என்று தெரிந்தது, அவற்றைக் கழித்தால் வித்தியாசம் குறைகிறது. அதோடு பல கிருமிகளில் ஆக்சா-1 என்ற இன்னொரு நொதியும் ஒட்டிக்கொண்டிருந்தது, டாசோபாக்டம் அதைச் சரியாக அடைக்காது. இந்த விளக்கங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் என் ஆய்வகமோ உங்கள் ஆய்வகமோ தினமும் அந்தத் துல்லியமான முறையில் சோதிப்பதில்லை, ஆக்சா-1 இருக்கிறதா என்று தேடுவதும் இல்லை. எனவே ரத்தத்தில் இஎஸ்பிஎல், நோயாளி தளர்ந்து கிடக்கிறார் என்றால் மெரோபெனெம்தான், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நோயாளி ஓரளவு நிலையாக இருந்து, ரத்தத்தில் ஆல்புமின் அளவும் சரியாக இருந்தால் நாளைக்கு ஒரே ஊசியான எர்டாபெனெம் போதும்.

அதே கிருமி சிறுநீர்ப்பையில் மட்டும் இருந்தால்? எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உந்துதல், காய்ச்சல் இல்லை, முதுகு வலி இல்லை. அப்போது மெரோபெனெம் போடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். ரிப்போர்ட்டில் இஎஸ்பிஎல் என்ற எழுத்துகளைப் பார்த்ததும் பதறி, நடந்து வந்த பெண்ணைப் படுக்கையில் சேர்த்து ஊசி ஏற்றுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் மட்டும் செறிந்து சேரும் மருந்து, பீட்டா-லாக்டமேசுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஃபாஸ்ஃபோமைசினும் அப்படியே, ஒரே வேளை 3 கிராம் பொடி, கரைத்துக் குடித்தால் முடிந்தது. இரண்டில் எது? 2018இல் வந்த ஆய்வில், ஐந்து நாள் நைட்ரோஃபுரான்டாயின் எடுத்த பெண்களில் 70 சதவீதம் பேருக்கு 28ஆம் நாளில் தொல்லை முழுக்கத் தீர்ந்திருந்தது, ஒரு வேளை ஃபாஸ்ஃபோமைசின் எடுத்தவர்களில் 58 சதவீதம். ஆகவே ஐந்து நாள் மாத்திரை விழுங்க முடிந்தவருக்கு நைட்ரோஃபுரான்டாயின். சிறுநீரகம் நன்றாகத் தளர்ந்தவருக்கும் ப்ரோட்டியஸ் கிருமிக்கும் அது ஆகாது. கிளெப்சியெல்லா என்றால் ஃபாஸ்ஃபோமைசின் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு, அதை உடைக்கும் வேறொரு நொதி அந்தக் கிருமியிடம் பிறவியிலேயே இருக்கிறது. கோட்ரைமாக்சசோலுக்குப் பணியும் என்று இருந்தால் அதுவும் தாராளமாகச் சரி. ஆனால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டால் நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் உதவாது, திசுவுக்குள் போதிய அளவு சேராது. தொல்லையே இல்லாதவரின் சிறுநீரில் இஎஸ்பிஎல் வளர்ந்தால், கர்ப்பிணியாகவோ சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவராகவோ இல்லாதவரை, எந்த மருந்தும் வேண்டாம். இருப்பதிலேயே நல்ல தேர்வு சில நேரம் அதுதான்.

இஎஸ்பிஎல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று ஆம்ப்-சி. என்டரோபாக்டர் க்ளோயகே, சிட்ரோபாக்டர் ஃப்ராயிண்டி, க்ளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் ஆகியவற்றின் குரோமோசோமிலேயே இந்த நொதி தூங்கிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் செஃப்ட்ரியாக்சோனுக்குப் பணியும் என்று வரும். போட்டால் இரண்டு நாள் கேட்கும், அப்புறம் நொதியை வரம்பில்லாமல் சுரக்கும் கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகி மறுபடி காய்ச்சல் வரும். கிளாவுலனேட் இதை அடைக்காததோடு தட்டியும் எழுப்பிவிடும். இந்தக் கிருமிப் பெயர்களைப் பார்த்தால் செஃபபீம் என்ற இன்னொரு செஃபலோஸ்போரினை எடுப்பது நல்லது, ஆம்ப்-சி அதை எளிதில் உடைக்காது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்காமல் போட்டால் குழப்பமும் வலிப்பும் வரும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். செஃபபீமோடு என்மெடாசோபாக்டம் என்ற புதிய பொறியைச் சேர்த்த மருந்துக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தப் பொறி முதலில் உருவானது சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில். கடுமையான சிறுநீர்த் தொற்றில் பிபராசிலின்-டாசோபாக்டத்தோடு ஒப்பிட்டபோது நோய் தீர்ந்து கிருமியும் ஒழிந்தவர்கள் கணக்கில் அது 79.1 சதவீதத்துக்கு 58.9 என்று முந்தியது. இஎஸ்பிஎல்லுக்குக் கார்பபெனெமைத் தொடாமல் இருக்க ஒரு வழி என்பதால் எனக்கு இதன் மேல் தனி ஆவல்.

கார்பபெனெம்களை ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கச் சொல்கிறேன் என்றால், அதையும் உடைக்கும் நொதிகள் வந்துவிட்டன. ஆக்சா-48, அமெரிக்காவில் முதலில் கண்ட கேபிசி, தெற்காசியாவில் அதிகம் காணும் என்டிஎம். இந்த மூன்றும் ஒன்றல்ல, இங்கேதான் நொதியின் பெயர் உயிரைத் தீர்மானிக்கிறது. கார்பபெனெமுக்குப் பணியாது என்று ரிப்போர்ட் வந்ததும் ஆய்வகத்தைக் கூப்பிட்டு எந்த நொதி என்று கேட்டே ஆக வேண்டும். மரபணுச் சோதனை இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் பதில் வரும்.

கேபிசி என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம், மெரோபெனெம்-வாபோர்பாக்டம், இமிபெனெம்-ரெலிபாக்டம் மூன்றுமே வேலை செய்யும், பெயர்களின் பின்பாதி எல்லாம் புதிய பொறிகள். அவிபாக்டத்துக்கு அந்த நான்கு மூலை வளையமே கிடையாது. நொதியில் ஒட்டும், பின் தன் வளையத்தைத் தானே மூடிக்கொண்டு முழுசாகக் கழன்று இன்னொரு தரம் ஒட்டும். கிளாவுலனேட் மாதிரி ஒருமுறை எரிந்து தீர்வதில்லை. சிகிச்சையின் நடுவில் கேபிசி உருமாறி அவிபாக்டத்திடமிருந்து தப்புவதும் உண்டு, அப்படித் தப்பும்போது பல சமயம் மெரோபெனெமை உடைக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆகவே கேபிசிக்கு நான் முதலில் சொல்வது மெரோபெனெம்-வாபோர்பாக்டம், கிடைக்காவிட்டால் அவிபாக்டம். ஆக்சா-48 என்றால் வாபோர்பாக்டமும் ரெலிபாக்டமும் உதவாது, செஃப்டாசிடிம்-அவிபாக்டம்தான் வழி.

என்டிஎம் முற்றிலும் வேறு சாதி. செரினுக்குப் பதில் துத்தநாக அயனிகளை வைத்து நீரைக் கூர்தீட்டி வளையத்தை உடைக்கிறது, செரினில் ஒட்ட வரும் அவிபாக்டத்துக்கு அங்கே ஒட்ட இடமே இல்லை. 2008இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் கண்டு, அவர் அதற்கு முன் சிகிச்சை பெற்ற புதுதில்லியை வைத்துப் பெயரிட்டார்கள், அந்தப் பெயரால் எழுந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம் எல்லாவற்றையும் என்டிஎம் உடைக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் உடைக்க வராது: அஸ்ட்ரியோனாம். ஆனால் என்டிஎம் உள்ள கிருமியிடம் அநேகமாக ஒரு சிடிஎக்ஸ்-எம் அல்லது ஆம்ப்-சியும் கூடவே இருக்கும், அது அஸ்ட்ரியோனாமை உடைத்துவிடும். அங்கேதான் அவிபாக்டம் வருகிறது, என்டிஎம்மை அடைக்க அல்ல, அந்தக் கூட்டாளிகளை அடைக்க. அஸ்ட்ரியோனாம் என்டிஎம்மைத் தாண்டிப் போகும், அவிபாக்டம் மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளும். பல வருடங்களாக இதற்காகச் செஃப்டாசிடிம்-அவிபாக்டத்தையும் அஸ்ட்ரியோனாமையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஏற்றினார்கள், 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் அஸ்ட்ரியோனாம்-அவிபாக்டம் ஒரே மருந்தாக அனுமதி பெற்றது. இரும்பைத் தேடும் வழியாகக் கிருமிக்குள் புகும் செஃபிடெரோகால் இன்னொரு தேர்வு. ஆனால் என்டிஎம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துவிடுவதால் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். ஈ.கோலையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்திலேயே சில கிருமிகள் நான்கு அமினோ அமிலங்களைச் செருகிக்கொண்டிருக்கின்றன, அவற்றிடம் அஸ்ட்ரியோனாம் தளரும், ஆகவே சேர்த்துச் சோதித்துப் பார்க்காமல் நம்பிவிடக் கூடாது.

கடைசியாக, எடுத்த மருந்தை எத்தனை நாள் கொடுப்பது என்பதும் ஒரு தேர்வுதான். ரத்தத்தில் கிருமி ஏறியவர்களுக்கு 7 நாளா 14 நாளா என்று 3,600க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்த பேலன்ஸ் ஆய்வு 2024இல் வந்தது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியசும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களும் அதில் சேரவில்லை. 90 நாளில் இறந்தவர்கள் 7 நாள் பக்கம் 14.5 சதவீதம், 14 நாள் பக்கம் 16.1. எனவே இஎஸ்பிஎல் ஈ.கோலை சிறுநீரிலிருந்து ரத்தத்துக்கு ஏறி, மெரோபெனெம் தொடங்கி, மூன்றாம் நாள் காய்ச்சல் நின்று, நோயாளி உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றால், ரிப்போர்ட்டில் கோட்ரைமாக்சசோலுக்கோ சிப்ரோஃப்ளாக்சசினுக்கோ பணியும் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அன்றைக்கே ஊசியை எடுத்துவிட்டு மாத்திரைக்கு மாறி ஏழு நாளை முடிக்கலாம். இப்போதெல்லாம் ரத்தத்தில் இஎஸ்பிஎல் என்றால் தாளை மட்டும் அனுப்பிவிட்டு இருப்பதில்லை, முதல் நாள் மெரோபெனெமுக்காக ஒருமுறை, மூன்றாம் நாள் இந்த மாத்திரைக்காக ஒருமுறை, இரண்டு தரம் வார்டைக் கூப்பிடுகிறேன்.